சுத்தம் செய்யாமல் விட்ட ஓரம்

எங்கள் பக்கத்தில் "சிறுத்தைக்குட்டி கிடைச்சிருக்கு" என்ற செய்தி பெரும்பாலும் அறுவடை நேரத்தில்தான் கிளம்பும். கரும்பு வெட்டும்போதோ, அவரைக் கொடி பிடுங்கும்போதோ, மாந்தோப்பில் புதர் வெட்டும்போதோ யாராவது ஒருவர் புள்ளி போட்ட குட்டியைப் பார்த்துவிடுவார். அரை மணி நேரத்தில் படம் வாட்ஸ்அப்பில் பல ஊர் சுற்றிவிடும். சாயங்காலத்துக்குள் தாய்ச்சிறுத்தை தேடி வரப்போகிறது என்று பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவிடுவார்கள். அந்தக் குட்டிகளில் பலவற்றுக்கும் சிறுத்தைக்கும் சம்பந்தமே இருக்காது. சாதாரணக் காட்டுப்பூனைக் குட்டியாக இருக்கும். சில சமயம் துருப்புள்ளிப் பூனையின் குட்டியாக இருக்கும்.

இந்த இரண்டாவது பூனையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆப்பிரிக்காவில் உள்ள கருங்கால் பூனையோடு சேர்த்து, உலகிலேயே மிகச் சிறிய காட்டுப்பூனை என்று இதைச் சொல்கிறார்கள். வளர்ந்த பூனை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பெண் பூனை ஒரு கிலோ அளவிலேயே நின்றுவிடும். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. 1831-ல் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிடோர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் இதை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தபோது, அவருக்குக் கிடைத்த மாதிரி புதுச்சேரியிலிருந்து போனது. அப்படிப் பார்த்தால் நம் ஊர்ப் பூனை. நமக்குத்தான் அது இருப்பதே தெரியவில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் 2016 முதல் இதை 'அச்சுறுத்தலை நெருங்கிய இனம்' என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது.

எங்கள் நிலம் ராயக்கோட்டைக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையில், கிருஷ்ணகிரி மாவட்டம் முடிந்து தர்மபுரி மாவட்டம் தொடங்கும் பக்கம் இருக்கிறது. மேட்டு நிலம். கொஞ்சம் பெங்களூரா மாந்தோப்பு, மானாவாரிக் கொல்லையில் ராகியும் அவரையும், ஒரு கிணறு. பின்னால் கரடு, அதாவது சிறு பாறைக்குன்று. வருவாய்த்துறைக் கணக்கில் கல்லாங்குத்துப் புறம்போக்கு. தோப்புக்கும் கொல்லைக்கும் நடுவில் தாத்தா காலத்துக் கல்கட்டு ஒன்று ஓடுகிறது. உழும்போது கிடைத்த கல்லையெல்லாம் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அடுக்கி வைத்தது. அதன் மேல் சூரைமுள்ளும் சங்கஞ்செடியும் படர்ந்து கிடக்கும். ஓரமாக ஒரு கிழட்டுப் புளியமரம், அடிமரத்தில் பெரிய பொந்தோடு.

பொங்கல் முடிந்து அவரை அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலை, டிராக்டர் போக வழி வேண்டுமென்று அந்தக் கல்கட்டின் ஒரு பகுதியைப் பிரிக்கத் தொடங்கினோம். சில கற்களை எடுத்ததுமே வேலைக்கு வந்திருந்த அக்கா ஒருவர் கூச்சல் போட்டார்: "தம்பி, சிறுத்தைக்குட்டிப்பா! ரெண்டு இருக்கு!" உள்ளே காய்ந்த இலைமேல் கண் திறந்தும் திறக்காததுமாக இரண்டு குட்டிகள். உடம்பில் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி. யாராக இருந்தாலும் சிறுத்தை என்றுதான் நினைப்பார்கள். ஆடு மேய்க்க வந்த பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இது கரட்டுப் பூனைடா. எங்கப்பா காலத்துலயே இந்தக் கல்லுக்குள்ள இருந்துச்சு. கல்லை வெச்சிட்டு வாங்க, அதோட ஆத்தா ராத்திரி வந்து தூக்கிக்கும்" என்றார்.

அவர் சொன்ன அந்த இரண்டு வரிதான், பிறகு வந்த வனத்துறைப் பணியாளர் சொன்னதும். நாங்கள் செய்தது இவ்வளவுதான். எடுத்த கற்களை, குட்டிமேல் விழாதபடி, கைநுழையும் சந்து விட்டு மறுபடி வைத்தோம். அந்தப் பக்கம் அறுப்பை நிறுத்திவிட்டு மறுகோடியில் தொடங்கினோம். நாய்களைக் கட்டினோம். படம் எடுக்க வேண்டாம் என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொன்னோம். படம் பரவினால் கூட்டம் வரும், கூட்டம் நின்றால் தாய் வராது. மறுநாள் வெயில் ஏறும் முன் போய்ப் பார்த்தபோது இடம் காலி. பெரியப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு "சொன்னேன்ல" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குட்டிகளைக் 'காப்பாற்றப்' போய்த்தான் பலர் கெடுக்கிறார்கள். தாய்ப்பூனை பகலில் இரை தேடப் போயிருக்கும், அல்லது நம் சத்தத்துக்குப் பயந்து பக்கத்துப் புதரில் ஒளிந்திருக்கும். குட்டி தனியாக இருப்பதாலேயே அது அநாதை ஆகிவிடாது. மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்று சொல்வார்கள். அதை நம்பி வீட்டுக்கு எடுத்துப் போய், பாட்டிலில் மாட்டுப்பால் புகட்டி, வயிற்றுப்போக்கில் சாக விட்டவர்கள் உண்டு. பூனைக்குட்டிக்கு மாட்டுப்பால் சேராது. தவறிப் போய் யாராவது எடுத்துவிட்டாலும், அன்றைக்கே அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தால் தாய் வந்து எடுத்துப் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. வனத்துறையினர் இதற்கு உயரம் குறைந்த திறந்த கூடையையோ பெட்டியையோ பயன்படுத்துவார்கள். குட்டி தானாக ஏறி அலையக்கூடாது, தாய் குனிந்து கவ்வ முடிய வேண்டும், அந்த அளவு. பொழுது சாயும் நேரத்தில் வைத்துவிட்டுத் தூரப் போய்விடுவார்கள். மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதிக் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைக் குட்டிகளையே இப்படித் தாயோடு சேர்த்து வைக்கிறார்கள். முதல் அட்டவணை விலங்கைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பதால், எதுவாக இருந்தாலும் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுச் செய்வதே நமக்கும் பாதுகாப்பு.

வளர்ந்த பூனையை நான் பார்த்தது பிறகுதான், மோட்டார் போடப் போன ஒரு ராத்திரியில். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் எழுந்து போவதுதானே விவசாயியின் தூக்கம். கல்கட்டின் மேல் வெளிச்சம் பட்டபோது, இரண்டு கண்கள் திரும்பின. வீட்டுப்பூனைக் குட்டி என்று நினைத்து அருகில் போனேன். சாம்பல் உடம்பில் துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள், நெற்றியில் பிடரி வரை ஓடும் கருங்கோடுகள், கண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கீற்று, காது சின்னதாக, வால் புள்ளி இல்லாமல் சற்றுத் தடிப்பாக. டார்ச்சை அணைத்தேன். மறுபடி போட்டபோது இல்லை.

அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணக் காட்டுப்பூனைக்குக் கால் நீளம், வளர்ந்தபின் உடம்பில் புள்ளி கிடையாது, காது நுனியில் கறுப்பு மயிர், வால் குட்டை, வால் நுனியில் வளையம். மரநாய்க்கு முகம் நீண்டு கூர்மையாக இருக்கும், வால் உடம்பளவு நீளம். சிறுத்தைக்குட்டிக்கு எடுத்த எடுப்பிலேயே தலையும் பாதமும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரியும். துருப்புள்ளிப் பூனையின் குட்டிக்கு அந்தத் துரு நிறம் பிறகுதான் வரும், முதலில் கறுப்புப் புள்ளிதான். குழப்பம் எல்லாம் அதனால்தான்.

சரி, பூனை எங்கே வாழ்கிறது? இங்கேதான் எனக்கு மற்றவர்களோடு கருத்து வேறுபாடு. வனவிலங்கைக் காப்பது என்றால் சரணாலயம் என்று நினைக்கிறோம். எங்கள் இரண்டு மாவட்டங்களுக்கும் 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-ல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் வந்தன. கர்நாடகத்தின் காவிரிக் காடுகள், மலை மாதேஸ்வரம் வழியாகச் சத்தியமங்கலம் வரை யானைக்கும் சிறுத்தைக்கும் தொடர்ச்சியான காடு வேண்டும் என்றால் இந்த அறிவிப்புகள் மிகத் தேவை. ஆனால் அந்த வரைபடத்தில் எங்கள் ஊர் இல்லை. பூனை எங்கள் ஊரில் இருக்கிறது. வறண்ட காடு, முள்புதர், பாறைக்குன்று, அதை ஒட்டிய விவசாய நிலம் எல்லாமே அதற்கு ஏற்ற இடம். தென்னிந்தியாவில் ஆள் இல்லாத வீட்டின் பரண்மேல் குட்டி போட்டதாகக்கூடப் பதிவு உண்டு. கல் சந்து, மரப்பொந்து, புதர், எலி, ஓணான், தவளை, சிறு பறவை இருந்தால் அதற்குப் போதும். இவை எல்லாம் எங்கே இருக்கின்றன? நாம் 'சும்மா கிடக்கிறது' என்று சொல்லும் ஓரங்களில்.

அந்த ஓரங்களைத்தான் இப்போது வேகமாகத் துடைத்தெடுக்கிறோம். ஜேசிபி மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, ஒரு தலைமுறை அடுக்கிய கல்கட்டு ஒரு காலைப் பொழுதில் காணாமல் போகிறது. உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். கிளுவை, கள்ளி, சூரை, காரை, கலாக்காய் எல்லாம் இருந்த வேலியில் பூனையும் கீரியும் கௌதாரியும் வாழ்ந்தன. கம்பி வேலி எல்லையைக் காட்டும், அவ்வளவுதான். பழைய புளியமரம் சாலைக்கோ விறகுக்கோ போய்விடும். இளம் மரம் எத்தனை நட்டாலும் பொந்து விழ ஐம்பது அறுபது வருடம் ஆகும்.

எங்கள் கல்கட்டை அதன் பிறகு பிரிக்கவில்லை. டிராக்டருக்கு வழியைச் சாலைப் பக்கமாகத் திருப்பிக்கொண்டோம், கொஞ்சம் சுற்று. வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "கல்லுக்குள்ள பாம்பு சேருது, நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பகுதிப் பாறை நிலத்தில் சுருட்டை விரியன் சாதாரணமாகத் தென்படும், கண்ணாடி விரியனும் உண்டு. பாம்பு பயத்தை 'இயற்கையை நேசியுங்கள்' என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் கொல்லையில் குனிந்து வேலை செய்யாதவர்கள். எனவே ஒரு பிரிவினை செய்துகொண்டோம். வீட்டைச் சுற்றி, மாட்டுக்கொட்டகை ஓரம், கிணற்றுக்குப் போகிற வழி, களம், இங்கெல்லாம் புல்லோ கல்குவியலோ விறகுக் கட்டோ வைப்பதில்லை. தூரத்து ஓரங்களைத் தொடுவதில்லை. ராத்திரி போகிறவர்கள் டார்ச்சும் கணுக்கால் மூடும் பூட்சும் இல்லாமல் போகக்கூடாது. அறுப்பு நேரத்தில் கல்கட்டை ஒட்டிய கொஞ்சத்தை ஆட்கள் எடுத்தவுடன் அறுக்காமல், முதலில் நீளமான கம்பால் தட்டிவிட்டு, கடைசியில் அறுக்கிறார்கள். அம்மாவுக்கு முழு சம்மதம் இல்லை, ஆனால் சத்தம் குறைந்திருக்கிறது.

உண்ணிச்செடி பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் செடி, அழிக்க வேண்டும் என்பார்கள், சரிதான். கரட்டடி முழுவதும் அதுதான் மண்டிக் கிடக்கிறது. ஆனால் வேறு புதர் எதுவும் மிச்சமில்லாத இடத்தில் அதையும் ஒரே நாளில் வேரோடு பிடுங்கினால், அன்று ராத்திரி பூனைக்கு ஒளிய இடம் இல்லை. நான் ஒரு பட்டையாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிளுவைப் போத்தும் (வெட்டி ஊன்றும் கிளை) நொச்சியும் நட்டு, அவை தழைத்த பிறகு அடுத்த பட்டைக்குப் போகிறேன். வேலை மெதுவாக நடக்கிறது. கிளுவை போத்து வைத்தால் பிடித்துக்கொள்ளும், வைகாசி மழைக்கு முன்னால் வைப்பது நல்லது.

கரட்டுக்குத் தீ வைப்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால், மழை விழுந்ததும் ஆட்டுக்கு இளம்புல் கிடைக்கும் என்பது கணக்கு. ஆடு மேய்ப்பவர்களைத் திட்டிப் பயனில்லை. எங்கள் கரட்டில் பெரியப்பாவே முன்னின்று, அடிவாரத்தில் தீத்தடுப்புக் கோடு செதுக்கி, மேல்பகுதியை எரியாமல் விடச் சம்மதித்தார். பதிலுக்கு எங்கள் தோப்பில் காய் பறித்து முடிந்த பிறகு அவர் ஆடு மேயலாம் என்று பேச்சு. பாறைச் சந்தில் இருக்கும் குட்டிக்குத் தீயிலிருந்து ஓடத் தெரியாது. ஓணான், ஆமை, கௌதாரி முட்டைக்கும் அதே கதி.

அடுத்தது எலி மருந்து. என் கணக்கில் கல்கட்டுக்கு அடுத்த முக்கியமான விஷயம் இதுதான். ராகியிலும் நிலக்கடலையிலும் எலித் தொல்லை தாங்காமல் எல்லோரும் மருந்து வைக்கிறார்கள். கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடு, எலியின் வயிற்றில் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்கிறது. செத்த எலியின் வயிற்றைத் தின்னும் நாய்க்கும் பூனைக்கும் அது ஆபத்து. புரோமடியோலோன் போன்ற கட்டி மருந்துகள் ரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். எளிதில் பிடிபடும் அந்த எலியைத்தான் பூனையும் ஆந்தையும் முதலில் பிடிக்கும். விஷம் அவற்றின் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். எலியைத் தின்று பிழைக்கிற பூனையை எலியை வைத்தே கொல்கிறோம். அது போனபின் எலி இன்னும் பெருகும், இன்னும் மருந்து வாங்குவோம், கடைக்காரருக்குத்தான் லாபம்.

மருந்தை அறவே விட்டுவிடலாமா என்றால், எல்லா வருடமும் முடிவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறையக் குறைக்க முடிந்தது. தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் வில் பொறியைக் கதிர் பிடிப்பதற்கு முன்பே வைப்பது நன்றாக வேலை செய்கிறது. தாமதித்தால் எலிக்கு வயல் முழுக்கத் தீனி, பொறியில் இருக்கும் பொரிகடலையைத் திரும்பிப் பார்க்காது. வளை தோண்டி எலி பிடிப்பதில் இருளர்களுக்கு இருக்கும் திறமை யாருக்கும் வராது. கேட்டு, பேசின கூலியைக் குறைக்காமல் கொடுத்தால் வருவார்கள். ஆந்தை உட்கார டி வடிவத்தில் கம்பு நட்டு வைக்கிறோம். மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் வளைக்குள் வைத்து மண்ணால் மூடி, மறுநாள் காலை கொல்லையைச் சுற்றிச் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். கல்கட்டு ஓரம் மட்டும் எந்த மருந்தும் கிடையாது. அந்த வரிசை ராகியில் எலி வெட்டு அதிகம் இருக்கும் என்று பயந்தேன். சில வருடம் அதிகம், சில வருடம் இல்லை. பூனையால் எலி ஒழிந்தது என்று சொன்னால் அது கதை விடுவது.

பண்ணைக்குட்டை பற்றிச் சுருக்கமாக. மானியத்தில் வெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டைகள் இப்போது எல்லா இடத்திலும் இருக்கின்றன. தண்ணீர் குடிக்க இறங்கும் விலங்கு அந்த வழுக்கலில் மேலே ஏற முடியாமல் நீந்தி நீந்திச் சாகும். நான்கு மூலையிலும் தென்னைநார்க் கயிற்று வலையோ, முடிச்சுப் போட்ட தடிமனான வடக்கயிறோ கரையில் கட்டித் தண்ணீர் வரை தொங்கவிட்டால் போதும். விவசாயிகளின் பிள்ளைகளும் இந்தக் குட்டைகளில் விழுகிறார்கள், அவர்களுக்கும் அதே கயிறு உதவும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணற்றுக்கு முள்வேலியாவது வேண்டும்.

நாய் விஷயம் கொஞ்சம் சிக்கல். எங்கள் பக்கத்தில் மாந்தோப்பைப் பூ எடுக்கும்போதே குத்தகைக்கு விட்டுவிடுவோம். குத்தகைக்காரர் காவலுக்கு ஆளும் நாயும் கொண்டுவருவார். காய் இறங்கியதும் ஆள் போய்விடுவார், நாய் இங்கேயே நின்றுவிடும். அது பசிக்கு முயல், கௌதாரி, பூனைக்குட்டி என்று எதையும் விடாது. இப்போது குத்தகை பேசும்போதே, "வண்டியில காய் ஏறுறப்போ நாயும் ஏறணும்" என்று சொல்லிவிடுகிறேன். முதலில் சிரித்தார்கள். வீட்டு நாய்க்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியும் போட வேண்டும், டிஸ்டெம்பர் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். வீட்டுப்பூனையிடமிருந்தும் காட்டுப்பூனைகளுக்கு நோய் பரவலாம். வீட்டுப்பூனையோடு கலப்பு நடந்துவிடுமோ என்ற கவலையும் ஆய்வாளர்களுக்கு உண்டு. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எங்கள் பூனைக்குக் கருத்தடை செய்தபோது, காத்திருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வந்த கூட்டம் அது.

பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி), நேரடியாகக் கரண்ட் கொடுக்கிற வேலி பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்ததை இந்தப் பகுதியில் எல்லோரும் அறிவார்கள். தாயை இழந்த குட்டிகள் அங்கேயே சுற்றி வந்தன. யானை செத்தால் செய்தி ஆகும். அதே கம்பியில் ஒரு கிலோ பூனை செத்தால், வரப்பில் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். சூரிய மின்வேலி போட்டாலும், அதன் அடிக்கம்பி தரையை ஒட்டி இருக்கக்கூடாது, சின்ன உயிர்கள் அடியில் நுழைந்து போகும்படி இடம் விட வேண்டும்.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரிக்குப் போகும் 844-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திய பிறகு பயண நேரம் குறைந்தது. எனக்கும் அது வசதிதான், தக்காளி மண்டிக்குச் சீக்கிரம் போகிறேன். அதே சாலையில் விடிகாலையில் அடிபட்டுக் கிடக்கும் கீரி, மரநாய், பூனைகளையும் பார்க்கிறேன். சாலைக்கு அடியில் மழைநீர் போகக் குழாய்ப் பாலங்கள் இருக்கின்றன. சின்ன விலங்குகள் அதன் வழியே கடக்கும், வாய் அடைபடாமல் இருந்தால். எங்கள் ஊர் அருகே ஒரு குழாயின் வாய் முழுக்கக் கோழிக்கடைக் கழிவும் பிளாஸ்டிக்கும் நிறைந்திருந்தது. கழிவுக்கு நாய் வரும், நாய் இருந்தால் பூனை மேலே ஏறிச் சாலையைக் கடக்கும். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு கொடுத்து அலுத்துப் போய், இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரினோம். மறுபடி கொட்டுகிறார்கள், மறுபடி வாருகிறோம்.

இவ்வளவும் பட்டா நிலத்தில், நம் கைக்குள் இருக்கிற விஷயம். கரடு அப்படியில்லை. கிருஷ்ணகிரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழமும் கிரானைட்டும். ஒரு கரட்டில் குவாரி வந்துவிட்டால், கல்கட்டு, உயிர்வேலி, எலிப்பொறி என்று நான் இதுவரை சொன்னது எதுவும் நிற்காது. வெடிச் சத்தத்திலும் தூசியிலும் எந்தப் பூனையும் குடியிருக்காது, வெட்டி எடுத்த பாறை மறுபடி முளைக்காது. மதுரை அரிட்டாபட்டியில் பாறைக்குன்றுகளையும் சுனைகளையும் சேர்த்து 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். தமிழகத்தில் முதலாவது அது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது ஊர் மக்களின் விடாப்பிடி. எங்கள் கரட்டுக்கு அவ்வளவு பெருமை இல்லை. அங்கே இருப்பதுபோல் சமணப் படுக்கையும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

செய்யக்கூடியது என்ன என்று விசாரித்தபோது தெரிந்தது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருந்து, ஊரில் உள்ள செடி, கொடி, விலங்கு, நீர்நிலை எல்லாவற்றையும் அதில் பதிய வேண்டும். எங்கள் ஊராட்சியில் கேட்டேன், அலமாரியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. மா, புளி, வேம்பு, காகம், மைனா என்று எந்த ஊருக்கும் பொருந்துகிற பட்டியல். கரட்டின் பெயரே அதில் இல்லை. பெரியப்பாவை உட்கார வைத்து, கரட்டில் எங்கே சுனை, எந்தச் சந்தில் முள்ளம்பன்றி, எந்தப் பொந்தில் ஆந்தை, பூனையை எங்கெங்கே பார்த்தார் என்று எழுதி எடுத்தோம். பூனை இருக்கிற சரியான இடத்தை மட்டும் பொதுவாக எழுதினோம், பிடித்து விற்கிறவர்களும் படிக்கலாம் அல்லவா. இப்படிப் பதிவேட்டில் ஏறிவிட்டால் குவாரி வராது என்று நான் நம்பவில்லை. ஆனால் நாளைக்கு யாராவது "அங்கே வெறும் கல்தான் இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால், மறுத்துக் காட்ட அரசுக் காகிதமே கையில் இருக்கும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. போன கூட்டத்தில் தீத்தடுப்புக் கோட்டை ஊராட்சி செலவில் வெட்டிக் கொடுக்கக் கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள். பதிவேட்டில் சேர்க்கும் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். கரட்டை மேய்ச்சலுக்கும் நீர்வரத்துக்கும் என்றே ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை, சர்வே எண் இல்லை என்று சொல்லித் தள்ளிவைத்துவிட்டார்கள். இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கி, எண்ணையும் பரப்பையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைப் பெரியப்பாவே எழுந்து வாசிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார்.